சேலத்து வீட்டு மரங்களில் மிஞ்சும் பழத்தை வீணாக்காமல் பகிர்ந்து கொடுப்பது எப்படி?

"அழகாபுரத்தில் எங்கள் தெருவில் மட்டும் ஏழு வீட்டில் மாமரம். வைகாசி பிறந்தால் காய் கொட்டுகிறது, பாதி சாக்கடைக்குப் போகிறது. ஏற்காட்டில் பெரியப்பா தோட்டத்தில் பேரிக்காயும் பட்டர் ஃப்ரூட்டும் இதே கதிதான். நண்பர்கள் ஆறு பேர் சேர்ந்து பறித்து, வாங்கிச் சாப்பிட முடியாதவர்களுக்குக் கொடுக்கலாம் என்று நினைக்கிறோம். யாருக்கும் மரம் ஏறத் தெரியாது. எங்கிருந்து தொடங்குவது?" இதுதான் நீங்கள் கேட்டது.

கண்ணங்குறிச்சி, கோரிமேடு பக்கம் நாங்கள் சிலர் எட்டு வருடமாக இந்த வேலையைச் செய்துவருகிறோம். அதில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று: மரத்தைத் தேடி அலையாதீர்கள். சேலத்தில் மரத்துக்குப் பஞ்சமில்லை. பழம் எந்த வாசலில் போய் இறங்கப்போகிறது, அங்கே அதை வாங்கி வைக்க யார் இருப்பார்கள், எத்தனை பேர் சாப்பிடுவார்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அங்கே எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுக்குத்தான் தொரட்டியைத் தூக்க வேண்டும்.

முதல் வருடம் இதை நாங்கள் தலைகீழாகச் செய்தோம். ஒரு சனிக்கிழமை காலையில் மூன்று வீடுகளில் பறித்ததில் பதினொரு கிரேடு (பழம் அடுக்கும் பெட்டி) சேர்ந்துவிட்டது. மல்கோவா, செந்தூரா, பேர் தெரியாத நாட்டுக்காய், எல்லாம் கலந்து. மத்தியானம் ஒரு விடுதிக்குக் கொண்டுபோனால், பிள்ளைகள் கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தார்கள். இன்னொரு இடத்தில் பொறுப்பாளர் திங்கட்கிழமைதான் வருவார் என்றார்கள். கிரேடுகளை என் வீட்டுத் தாழ்வாரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தோம். மே மாதச் சேலத்து வெயில் உங்களுக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை அடியில் இருந்த கிரேடைத் தூக்கியபோது சாறு ஒழுகியது, புளித்த வாடை வாசல்வரை அடித்தது. பாதிக்கு மேல் குழி வெட்டிப் புதைத்தோம். அந்தப் பழம் மரத்திலேயே இருந்திருந்தால் அணிலாவது தின்றிருக்கும். மரம் கொடுத்த அம்மா மறுநாள் "எல்லாரும் நல்லா சாப்பிட்டாங்களா தம்பி?" என்று ஆசையாகக் கேட்டபோது என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றது இன்னும் மனதில் இருக்கிறது.

ஆகவே வாங்கும் இடங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மாம்பழக் காலம் பெரும்பாலும் பள்ளிக்கூடம் மூடியிருக்கும் காலம். எல்லாருக்கும் முதலில் தோன்றுவது பள்ளிப் பிள்ளைகள்தான், ஆனால் ஜூன் வரை அந்த வழி இல்லை. அங்கன்வாடிக்குக் கொடுக்கலாம், ஆனால் வெளியிலிருந்து வரும் தின்பண்டத்தை அந்த ஆசிரியை தானாக வாங்கிக்கொள்ள முடியாது. மேற்பார்வையாளரிடம் முன்பே சொல்லி வைத்தால் அவருக்கும் சங்கடம் இல்லை. குழந்தைகள் காப்பகமாக இருந்தால் கண்காணிப்பாளரிடம் எழுத்திலேயே அனுமதி வாங்கிவிடுங்கள். முதியோர் இல்லங்கள் நல்ல இடம், வருடம் முழுவதும் ஆள் இருப்பார்கள். ஆனால் அங்கே பாதிப் பேருக்குச் சர்க்கரை. இருபது பேருக்கு இருபது மல்கோவா என்று கணக்குப் போடாதீர்கள். ஆளுக்கு இரண்டு கீற்று என்று கேட்டு, அதற்குத் தகுந்தபடி எட்டு பத்துப் பழம் கொண்டுபோனால் போதும், வாரம் ஒருமுறை போகலாம். சர்க்கரைக்காரர்களுக்குக் கொய்யா இன்னும் தோது.

எங்களுக்கு மிகவும் கைகொடுத்தது இரண்டு இடங்கள். ஒன்று, காலையில் தூய்மைப் பணியாளர்கள் வருகைப் பதிவுக்குக் கூடும் இடம். நாற்பது ஐம்பது பேர் ஒரே நேரத்தில் நிற்பார்கள், ஆளுக்கு இரண்டு காய் என்றால் ஐந்து நிமிடத்தில் ஒரு மரத்துப் பழம் தீர்ந்துவிடும். பையில் போட்டு வீட்டுக்கே கொண்டுபோய்விடுவார்கள் என்பதால் முக்கால் பழுத்த காயாகக் கொடுத்தால் இன்னும் நல்லது. இரண்டு, ஊருக்கு வெளியே இருக்கும் செங்கல் சூளைகள். குடும்பத்தோடு வந்து தங்கி வேலை செய்பவர்கள், கடைக்கு நடந்து வரவே நேரமில்லாதவர்கள். சூளை முதலாளியிடம் சொல்லிவிட்டுச் சாயங்காலம் போனால் பிள்ளைகள் எல்லாரும் இருப்பார்கள்.

முதியோர் இல்லத்தைப் பற்றி இன்னொன்று. இரண்டாம் வருடம் ஒரு இல்லத்துக்கு மல்கோவா கொண்டுபோனோம். மல்கோவாவில் ஒரு சிக்கல், பழுத்தாலும் தோல் பச்சையும் மஞ்சளுமாகவே நிற்கும், செந்தூரா மாதிரி நிறம் காட்டிக்கொடுக்காது. நாங்கள் பழுத்தது என்று நினைத்து ஒன்றை அறுக்கப் போனோம். திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி அதைக் கையில் வாங்கினார். அமுக்கிப் பார்க்கவில்லை. காம்புப் பக்கத்தை மூக்கருகே வைத்து மோந்தார். "இது இன்னும் ரெண்டு நாளு கெடக்கணும் கண்ணு" என்று ஓரமாக வைத்தார். அடுத்ததை எடுத்தார், "இதை இப்பவே அறுத்துருங்க, ராத்திரிக்குத் தாங்காது." வரகம்பாடிப் பக்கம் மாந்தோப்பில் வேலை செய்து வளர்ந்தவராம். அன்றைக்கு அவரும் இன்னும் மூன்று பேரும் சேர்ந்து மூன்று கிரேடையும் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள்: இன்றைக்கு, நாளை மறுநாள், வாரக் கடைசி. அதிலிருந்து பறித்த காய் எல்லாம் முதலில் அந்தத் திண்ணைக்குத்தான் போகிறது. அவர்கள் பிரித்து முடித்த பிறகுதான் மற்ற இடங்களுக்குக் கிளம்பும். உங்கள் பக்கத்திலும் இப்படிக் கைப்பழக்கம் உள்ள பெரியவர்கள் கண்டிப்பாக இருப்பார்கள். கொடுக்கப் போகும் இடத்திலேயே அவர்களைத் தேடுங்கள்.

இனி மரத்துக்கு வருவோம். வீட்டுக்காரர் "எடுத்துக்கங்க, இங்க யாரு திங்கறா, பையனும் புள்ளையும் பெங்களூர்ல" என்று சொன்னால் வீட்டு மரத்துக்கு அது போதும். ஆனால் கொஞ்சம் பெரிய தோட்டம், பத்துப் பதினைந்து மரம் என்றால் ஒரு கேள்வியைக் கேட்காமல் கை வைக்காதீர்கள்: "குத்தகைக்கு விட்டிருக்கீங்களா?" சேலத்தில் தோப்புகளைப் பூ எடுக்கும்போதே குத்தகைக்கு விடுகிற வழக்கம் உண்டு. பணம் கைமாறிவிட்டால் அந்த வருடத்துக் காய் மரத்துக்குச் சொந்தக்காரருடையது ஆகாது, குத்தகைக்காரருடையது. கீழே விழுந்ததும் அவருக்கு ஊறுகாய்க்குப் போகும் காசுதான். வெளியூரில் இருக்கும் சொந்தக்காரர் நினைவில்லாமல் சரி சொல்லிவிடுவார், அடிவாங்குவது கடன் வாங்கிக் குத்தகை எடுத்த ஆள். எங்களில் ஒருவர் ஒருமுறை அப்படி இரண்டு சாக்கு பறித்துவிட்டு, பிறகு அந்தக் குத்தகைக்காரரைத் தேடிப்போய்க் காய்க்கு விலை கொடுத்துவிட்டு வந்தார்.

அதேபோல் வாடகைக்குக் குடியிருப்பவர் சம்மதமும், மதிலுக்கு அந்தப் பக்கம் கிளை நீட்டியிருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் சம்மதமும். அந்தக் கிளைக் காயால் இரண்டு வீட்டுக்கும் பல வருடப் பேச்சுவார்த்தை இல்லாமல்கூட இருக்கலாம், நீங்கள் உள்ளே போய் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

மரம் ஏறத் தெரியாது என்று கவலைப்பட்டிருக்கிறீர்கள். ஏறவே வேண்டாம். எட்டு வருடத்தில் எங்களில் ஒருவரும் மரம் ஏறியதில்லை. 15 அடி மூங்கில் தொரட்டி ஒன்று, நுனியில் இரும்பு வளையமும் அதில் ஒரு சின்ன வெட்டும் கத்தியும் கீழே வலைப்பையும் வைத்துக் கட்டியது. காம்பை வளையத்துக்குள் விட்டுச் சுண்டினால் காய் வலைக்குள் விழும். ஒரு சுற்றுக்கு மூன்று காய்க்கு மேல் வலையில் சேர விடாதீர்கள், ஒன்றோடொன்று மோதும். கைக்கு எட்டாத உச்சிக் காயை விட்டுவிடுங்கள், அது கிளிக்கும் அணிலுக்கும். அதையும் பறித்தே ஆக வேண்டும் என்று வீட்டுக்காரர் கேட்டால், மரம் ஏறுவதையே தொழிலாக வைத்திருப்பவரைக் கூப்பிட்டு முழுக் கூலி கொடுங்கள். சேவை செய்கிறோம் என்று சொல்லி அவரிடம் இலவசமாக வேலை வாங்குவது தப்பு.

மின்கம்பி ஓடும் பக்கம் தொரட்டியை நீட்டவே கூடாது. அலுமினியக் குழாயில் செய்த நீளக்கோல் இலேசாக இருக்கிறது என்று கடையில் காட்டுவார்கள், வேண்டாம். மூங்கில்கூட மழையில் நனைந்திருந்தால் மின்சாரம் பாயும். நாவல் மரத்தில் கிளை பச்சையாகத் தெரியும், ஆனால் சட்டென்று ஒடியும், ஏணியைக்கூட அதில் சாய்க்காதீர்கள். மாமரத்தில் இலையைத் தைத்துக் கூடு கட்டியிருக்கும் முசுறு எறும்பு ஒரு கிளையில் இருந்தால் அந்தக் கிளையை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

காம்பு விஷயம் முக்கியம். மாங்காயைக் காம்போடு ஒட்ட ஒடித்தால் பால் பீய்ச்சி வரும். அந்தப் பால் பட்ட இடத்தில் தோல் கருகும், இரண்டு நாளில் அந்தக் கருப்புத் தழும்பிலிருந்தே அழுக ஆரம்பிக்கும். கண்ணில் தெறித்தால் எரிச்சல் தாங்காது. ஆகவே இரண்டு விரல் நீளத்துக்குக் காம்பை விட்டுப் பறியுங்கள். கீழே இறக்கிய பிறகு, நிழலில் சாக்கை விரித்து, காம்பைக் குட்டையாக நறுக்கிக் காயைத் தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். அரை மணி நேரத்தில் பால் சாக்கில் வடிந்துவிடும். பிறகு தண்ணீரில் ஒரு அலசு. அந்த அலசும் வாளியிலேயே இன்னொரு சோதனையும் முடிந்துவிடும்: நன்றாக முற்றிய காய் தண்ணீரில் மூழ்கும், முற்றாதது மிதக்கும். மிதக்கிற காயைப் பழுக்க வைத்துப் பயனில்லை, சுருங்கிப் புளிக்கும். அதைத் தொக்குக்கும் பச்சடிக்கும் தனியாக எடுத்து வையுங்கள்.

முற்றியதைப் பழுக்க வைக்க வைக்கோலும் காற்றோட்டமான அறையும் போதும், ஒரே அடுக்காகப் பரப்ப வேண்டும். நான்கிலிருந்து ஆறு நாள் ஆகும். அவசரப்பட்டால் ஒரு கூடையில் இரண்டு பழுத்த வாழைப்பழத்தைப் போட்டு மூடுங்கள், அதிலிருந்து வரும் எத்திலீன் வாயுவே வேலை செய்யும். நீங்கள் இலவசமாகத்தான் கொடுக்கிறீர்கள், ஆனாலும் "ஒரு பொட்டணம் கல்லு போட்டா நாளைக்கே ரெடி" என்று யாராவது நிச்சயம் சொல்வார்கள். அந்தக் கால்சியம் கார்பைடு 2011 உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைப்படி தடை செய்யப்பட்டது. அதில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்பு இருக்கும். குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் கொடுக்கும் பழத்தின் பக்கத்தில்கூட அது வரக்கூடாது.

பறித்தபின் பழுக்கும் பழம் எது, பழுக்காதது எது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை இலகுவாகும். மா, பலா, சீதா, சப்போட்டா, பேரி, பட்டர் ஃப்ரூட் எல்லாம் முற்றிய காயாகப் பறித்து வைத்தால் பழுக்கும், உங்களுக்கு நாலைந்து நாள் அவகாசம் இருக்கிறது. ஆரஞ்சு, எலுமிச்சை, மாதுளை, நாவல் இவை பறித்த நிமிடத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியேதான். நாவல் பழம் பறித்த அன்றைக்கே கொடுத்தாக வேண்டும். கொய்யா பழுக்கும், ஆனால் கையில் பிடிக்க முடியாத வேகத்தில். 2015-ல் லூதியானாவில் உள்ள சிஃபெட் என்ற, அறுவடைக்குப் பிந்தைய தொழில்நுட்பத்துக்கான மத்திய ஆய்வு நிறுவனம் வெளியிட்ட ஆய்வில், அறுவடையிலிருந்து கடை வரைக்கும் மாம்பழத்தில் 9.16 சதவீதம் வீணாகிறது, கொய்யாவில் 15.88 சதவீதம் என்று கணக்குச் சொன்னார்கள். வண்டியும் ஆளும் வைத்து வியாபாரம் செய்பவர்கள் கையிலேயே இவ்வளவு என்றால், கேட்பாரில்லாத வீட்டு மரத்துக் கொய்யா எவ்வளவு போகும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். கொய்யாவுக்கு ஒரே வழி, காலை ஆறு மணிக்குப் பறித்து எட்டு மணிக்குக் கொடுத்துவிடுவதுதான்.

கீழே விழுந்த பழம். இதில்தான் புதிதாக வருகிறவர்கள் தடுமாறுகிறார்கள், மனசு கேட்காமல் எல்லாவற்றையும் பொறுக்குவார்கள். நாங்கள் வைத்திருக்கும் விதி கறாரானது. அணில், கிளி, வவ்வால் பல் அல்லது அலகு பட்ட தடம் ஒரு புள்ளி இருந்தாலும் அது யாருக்கும் கிடையாது. கடித்த இடத்தை வெட்டிவிட்டு மிச்சத்தைக் கொடுக்கலாம் என்ற பேச்சே கூடாது. 2018-ல் கோழிக்கோட்டில் நிபா வைரஸ் காய்ச்சல் வந்தபோது அந்தக் கிருமியைச் சுமக்கும் பழந்தின்னி வவ்வாலைப் பற்றி எல்லாரும் பேசினோம், அந்த ஜாக்கிரதை நிரந்தரமாக இருக்க வேண்டும். கோடை மழைக் காற்றில் ஒரே ராத்திரியில் விழும் பச்சைக் காய் வேறு கணக்கு. விடிந்ததும் போய்ப் பொறுக்கினால் அடி மட்டும்தான் பட்டிருக்கும். அதைக் கழுவி, கீறி, உப்புப் போட்டுக் காயவைத்தால் மாங்காய் வற்றல். எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் ஒரு மகளிர் குழு அதை மொத்தமாக எடுத்துக்கொள்கிறது. அவர்கள் விற்றுக் காசாக்குவதில் எங்களுக்கு வருத்தமே இல்லை, உழைப்பு அவர்களுடையது.

அழுகிப்போனதையும் அப்படியே மரத்தடியில் விட்டுவிட்டு வராதீர்கள். பழ ஈ மாங்காயின் தோலுக்கு அடியில் முட்டை வைக்கும். புழு உள்ளே தின்று வளர்ந்து, பழம் விழுந்ததும் வெளியேறி மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழு ஆகும், அங்கிருந்து புது ஈயாகக் கிளம்பி மிச்சமிருக்கும் காய்க்கே திரும்ப வரும். அறுத்தவுடன் உள்ளே புழு நெளிகிற செந்தூராவை எல்லாரும் பார்த்திருப்பீர்கள், போன மாதம் அழுகக் கிடந்த பழத்தின் வாரிசு அது. சொத்தையை எல்லாம் கூட்டி 2 அடிக்குக் குறையாத குழியில் போட்டு மூடிவிட்டு வாருங்கள். மேலாகக் குப்பைக்குழியில் கொட்டினால் ஈ வெளியே வந்துவிடும். வீட்டுக்காரருக்கு நீங்கள் செய்கிற பெரிய கைம்மாறு இதுதான். "போன வருஷத்தை விட இந்த வருஷம் சொத்தை கம்மி" என்று அவரே சொல்லும்போது அடுத்த வருடம் கூப்பிடாமலே கூப்பிடுவார்.

இப்போது ஏற்காடு. அங்கே கணக்கே வேறு. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காப்பியோடு சேர்த்துப் பேரியையும் ஆப்பிளையும் மலைக்குக் கொண்டுவந்தவர் என்பார்கள். ஆப்பிளை இப்போது தேடித்தான் பார்க்க வேண்டும். பேரி மட்டும் பழைய பங்களாக்களிலும் காப்பித் தோட்ட ஓரங்களிலும் இன்னும் சும்மாவே காய்க்கிறது. ஆடி ஆவணியில் போனால் மரத்தடியில் கால் வைக்க இடமிருக்காது. ஆனால் சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் நடுவே 20 கொண்டை ஊசி வளைவுகள். கிரேடு நிறையப் பேரியைப் போட்டு இறக்கினால் வளைவுக்கு வளைவு ஒன்றோடொன்று உரசிக் கோரிமேடு வந்து சேரும்போது பாதி கன்றிப்போயிருக்கும். நாங்கள் கண்டுபிடித்தது: பேரியைக் கல் மாதிரி இருக்கும்போதே, மரத்திலிருந்தே பறிக்க வேண்டும். மரத்தில் பழுக்க விட்டால் நடுவிலிருந்து மாவாகிக் கெடும். காயாகப் பறித்து, கிரேடு அடியில் பழைய செய்தித்தாளும் காய்ந்த புல்லும் போட்டு, இரண்டே அடுக்கு. மேலே ஈரச்சாக்கு. கிரேடுகள் ஆடாமல் கயிறு போட்டுக் கட்டி மெதுவாக இறக்குங்கள்.

பட்டர் ஃப்ரூட்டுக்கு மரத்தில் பழுக்கும் குணமே கிடையாது. பறித்தால்தான் பழுக்கத் தொடங்கும், ஒரு வாரம் வரை ஆகும். இந்த வேலைக்கு இதைவிடத் தோதான பழம் இல்லை, இறக்கி வந்து நிதானமாகப் பிரிக்கலாம். தடை வேறு இடத்தில் இருந்தது. முதல் தடவை சூளைக்குக் கொண்டுபோனபோது, பேருக்கு வாங்கிக்கொண்டார்கள், அடுத்த வாரம் போனால் சாக்கோடு மூலையில் கிடந்தது. காயாகவே கடித்துப் பார்த்து, கசக்கிறது என்று போட்டுவிட்டார்கள். தப்பு எங்களுடையது, சொல்லித்தராமல் கொடுத்துவிட்டோம். பிறகு போனபோது பழுத்த நாலைக் கையோடு கொண்டுபோய், அங்கேயே பிளந்து, கரண்டியால் வழித்து, பாலும் நாட்டுச் சர்க்கரையும் போட்டுக் கடைந்து பிள்ளைகளுக்குக் கொடுத்தோம். மறுவாரம் "வெண்ணெய்ப் பழம் இல்லையாண்ணா?" என்று ஒரு சின்னப் பெண் கேட்டாள். தெரியாத பழத்தைக் கொடுக்கும்போது சாப்பிடும் வகையையும் சேர்த்துக் கொடுங்கள்.

ஏற்காட்டில் கவனிக்க வேண்டியது இன்னொன்று உண்டு, எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரியதாகப் படுகிறது. வீணாகிறது என்று நம் கண்ணுக்குத் தெரிவது எல்லாம் வீணாவதில்லை. காப்பித் தோட்டத்தில் விழும் பலாவையும் பேரியையும் ஆரஞ்சையும் அங்கே வேலை செய்யும் பெண்கள் மடியில் கட்டிக்கொண்டு போவது எத்தனையோ காலமாக நடப்பது. கடலைக் காட்டில் அறுவடைக்குப் பிறகு மண்ணில் தங்கிப்போன தப்புக்காய் பொறுக்குவது மாதிரி, யாரும் எழுதி வைக்காத உரிமை அது. நாம் கிரேடும் வண்டியுமாகப் போய் இறங்கி மொத்தமாக அள்ளிவிட்டால் அவர்கள் வீட்டுக்குப் போவதுதான் குறையும். சாலையோரம் கூறு கட்டி விற்கும் மலையாளிப் பழங்குடிக் குடும்பங்களுக்கு அந்த ஒன்றிரண்டு மாதப் பழக்காசு பெரிய காசு. ஆகவே எங்கள் வழக்கம் இது: பறிக்கப் போகும் தோட்டத்தில் காவல்காரரையும் வேலைக்காரப் பெண்களையும் முதலில் கேட்போம். அவர்கள் எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சுவதுதான் நம் கணக்கு. மலையில் பறித்ததை மலைமேல் இலவசமாகக் கொடுக்க மாட்டோம், கீழே கொண்டுவந்துவிடுவோம். விற்கிறவர் பக்கத்திலேயே நின்று அதே பழத்தைச் சும்மா கொடுத்தால் அவர் கூறு அன்றைக்கு விற்குமா?

உங்கள் பெரியப்பா தோட்டமாக இருந்தாலும் இதைக் கேளுங்கள். அவருக்கே தெரியாமல் யாராவது எடுத்துப் போய்க்கொண்டிருக்கலாம், அது நல்லதுதான். விடிகாலைப் பனியில் காப்பிச் செடிக்குள் போக வேண்டாம், காட்டெருமை நடமாட்டம் இருக்கிறது. வெயில் ஏறிய பிறகு, உள்ளூர் ஆள் ஒருவரோடு போங்கள்.

பங்கு எப்படிப் பிரிப்பது என்று இன்னும் நீங்கள் யோசித்திருக்க மாட்டீர்கள், ஆனால் இரண்டாவது வாரமே அந்தப் பேச்சு வரும். கனடாவின் டொரோன்டோவில் 2008-ல் தொடங்கிய 'நாட் ஃபார் ஃப்ரம் த ட்ரீ' என்ற அமைப்பு மூன்றில் ஒரு பங்கு வீட்டுக்காரருக்கு, ஒரு பங்கு பறித்தவர்களுக்கு, ஒரு பங்கு உணவு தேவைப்படும் அமைப்புகளுக்கு என்று வைத்திருக்கிறது. அது நன்றாகவே நடக்கிறது. நம் ஊரில் அதை அப்படியே வைத்தால் சரிப்படாது என்பது என் எண்ணம். இங்கே வீட்டுக்காரர் பங்கு கேட்க மாட்டார், ஆனால் முதல் காய் சாமி படத்துக்கு முன் வைக்க வேண்டும், நாத்தனார் வீட்டுக்கு ஒரு பை போக வேண்டும். அதனால் நாங்கள் பறித்ததை அவர் வாசலில் பரப்பிவிட்டு, "உங்களுக்கு வேணுங்கிறதை முதல்ல எடுத்துக்கங்கம்மா" என்று சொல்லிவிடுவோம். நல்ல காயாகப் பார்த்து எடுப்பார்கள், எடுக்கட்டும். பறித்தவர்கள் ஆளுக்கு ஒரு சின்னப் பை. மிச்சமெல்லாம் கொடுக்கத்தான். ஒருபோதும் ஒரு காய்கூட விற்காதீர்கள், பெட்ரோல் செலவுக்குக் கூட. செலவை உங்களுக்குள் பகிர்ந்துகொள்ளுங்கள். விற்ற செய்தி ஒரு தெருவுக்குத் தெரிந்தால் அடுத்த வருடம் கதவு திறக்காது.

பெயர் வைத்து, அமைப்பாகி, கடைகளிடமிருந்தும் மண்டிகளிடமிருந்தும் மிச்சம் வாங்கும் அளவுக்கு வளர்ந்தால் அது வேறு. மிச்ச உணவைத் திரட்டிக் கொடுப்பதற்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019-ல் தனி ஒழுங்குமுறையே கொண்டுவந்திருக்கிறது. மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் நேரில் கேட்டுப் பதிவு செய்துகொள்ளுங்கள். அதுவரை, சாப்பிடும் வகையைக் காட்ட அங்கேயே அறுத்துக் கொடுக்கும் ஒன்றிரண்டைத் தவிர, முழுப் பழமாக மட்டுமே கொடுங்கள். அறுத்து, ஜூஸ் போட்டு, ஜாம் காய்ச்சிக் கொடுக்கும் ஆசை வரும். அடுப்பு, தண்ணீர், சுத்தம் என்று பொறுப்பு பல மடங்கு ஆகிவிடும்.

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். எந்த வீடு, என்ன மரம், எந்தத் தேதி, எத்தனை காய், எங்கே போனது. மாமரம் ஒரு வருடம் கொட்டும், மறு வருடம் ஓய்வெடுக்கும், மல்கோவாவுக்கு அந்தக் குணம் இன்னும் அதிகம். இரண்டு மூன்று வருட நோட்டு இருந்தால்தான் எந்தத் தெருவில் இந்த வருடம் காய் இருக்கும் என்று தெரியும். காய்க்காத வருடமும் அந்த வீட்டுக்கு ஒரு நடை போய் வாருங்கள். பாதி வீடுகளில் வயதான இரண்டு பேர் மட்டும்தான் இருக்கிறார்கள்.

மாம்பழம் முடிந்துவிட்டால் வேலையும் முடிந்தது என்று கலைந்துவிடவும் வேண்டாம். ஆடி ஒன்றாம் தேதி தேங்காய்க்குள் வெல்லமும் கடலையும் அடைத்து, குச்சியில் செருகித் தீயில் சுடுவது நம் ஊர் வழக்கம். வீட்டுத் தென்னையில் மிஞ்சியிருக்கும் காயை ஆனிக் கடைசியில் கேட்டு வாங்கி, ஒரு காப்பகத்துப் பிள்ளைகளுக்குப் பொட்டுக்கடலை, வெல்லம், அழிஞ்சில் குச்சியோடு கொடுத்தோம். வாசலில் தீ மூட்டி அவர்கள் சுட்ட சந்தோஷத்தை நான் எழுதித் தீராது. பிறகு மலையிலிருந்து பேரி வரும், புரட்டாசி ஐப்பசியில் சீதா, மழை நின்றால் கொய்யா, குளிர்காலத்தில் ஆரஞ்சும் நெல்லியும்.

உங்கள் ஆறு பேருக்கு இந்த வருடம் ஏழு மரமும் வேண்டாம், இரண்டு போதும். இந்த வாரம் ஒரு முதியோர் இல்லத்துக்கும், உங்கள் வார்டில் தூய்மைப் பணியாளர்கள் கூடும் இடத்துக்கும் வெறுங்கையோடு போய்ப் பேசிவிட்டு வாருங்கள், எந்தக் கிழமை, எத்தனை மணி, எத்தனை பேர் என்று எழுதிக்கொள்ளுங்கள். தொரட்டி புதிதாக வாங்க வேண்டாம். எங்களிடம் வளையம் கட்டியது இரண்டு கூடுதலாக இருக்கிறது, கிரேடும் பத்து தரலாம். முதல் நாள் பறிக்கும்போது எங்களில் யாராவது ஒருவர் கூட வருகிறோம்.